பழைய பொக்ஸ்ரர்: சாதாரணமா, 'எஸ்' ஆ?

1996 ஆம் ஆண்டின் பிற்பகுதியில் போர்ஷே நிறுவனம் பொக்ஸ்ரர் என்னும் இரு இருக்கைக் காரைச் சந்தைக்கு விட்டபோது, அதனை வாங்குவது நம்மவரிற் பெரும்பாலானோர்க்கு எண்ணிப் பார்க்கவும் இயலாத காரியமாக இருந்தது. இன்று நிலைமை வேறு. பாவித்த கார்ச் சந்தையில் அந்த முதலாந் தலைமுறைப் பொக்ஸ்ரர், ஒரு சாதாரண குடும்பக் காரின் விலைக்கே கிடைக்கின்றது. ஜேர்மனியிற் பிறந்து வளர்ந்து, தொழிற்பயிற்சி முடித்து, மாதச் சம்பளம் எடுக்கத் தொடங்கிய நம் பிள்ளைகளின் கண் அதன்மீது விழுவதில் வியப்பில்லை. ஆனால் இறங்கியது காரின் விலை மட்டுமே. அதன் உதிரிப்பாகங்களின் விலையும் அதனைத் திருத்துபவரின் மணிக்கூலியும் இன்னமும் போர்ஷேக்குரியவையே.

கேள்வி பெரும்பாலும் இவ்வாறே எழுகின்றது. ஏறத்தாழ ஒரே தொகைக்கு 2000 ஆம் ஆண்டின் 'எஸ்' வகைக் கார் ஒன்றும், 2003 ஆம் ஆண்டின் சாதாரண வகைக் கார் ஒன்றும் விளம்பரத்தில் அருகருகே நிற்கின்றன. "எடுக்கிறதெண்டால் எஸ்ஸைத்தான் எடுக்கவேணும் அப்பா" என்கிறான் மகன். "இரண்டு பேர் மட்டும் இருக்கிற கார் என்னத்துக்குத் தம்பி?" என்கிறார் தகப்பனார். தகப்பனாரின் கேள்விக்கு நம்மிடம் விடையில்லை. மகனின் கேள்வியை மட்டும் ஆராய்வோம்.

முதலில் வேறுபாடுகள். தொடக்கத்தில் 2.5 லீற்றர் இயந்திரத்துடன் 204 குதிரைவலுவாக இருந்த சாதாரண பொக்ஸ்ரர், 1999 இலையுதிர்காலத்தில் 2.7 லீற்றராகி 220 குதிரைவலுவைப் பெற்றது. அப்போதே 3.2 லீற்றர், 252 குதிரைவலுவுடன் 'எஸ்' வெளிவந்தது. 2002 இல் இவை முறையே 228 உம் 260 உம் ஆயின. 'எஸ்' இற்கு ஆறு கியர்கள், சாதாரணத்துக்கு ஐந்து. 'எஸ்' இன் முன் பிறேக் தட்டின் விட்டம் 318 மில்லிமீற்றர், மற்றதினது 298. பின்னாலிருந்து பார்ப்பவருக்கு ஒற்றைப் புகைக்குழாயா இரட்டைப் புகைக்குழாயா என்பதே அடையாளம். உண்மையைச் சொன்னால், பலர் மேலதிகப் பணம் கொடுப்பது அந்த இரண்டாவது குழாய்க்குத்தான்.

நின்ற நிலையிலிருந்து 100 கிலோமீற்றர் வேகத்தை எட்டுவதற்கு 2000 ஆம் ஆண்டின் 'எஸ்' எடுக்கும் நேரம் 5.9 விநாடி, சாதாரணம் எடுப்பது 6.6 விநாடி. உச்ச வேகம் 260 உம் 250 உம். கட்டுப்பாடற்ற ஒட்டோபான் பகுதிகளிற்கூடப் பரிந்துரைக்கப்பட்ட வேகம் 130 தான் என்றிருக்கையில், இந்தப் பத்துக் கிலோமீற்றரை எங்கே செலவிடுவது? 'எஸ்' இன் மெய்யான சிறப்பு வேறிடத்தில் உள்ளது. மலைப்பாதையில் மூன்றாம் கியரில் ஏறும்போது அதன் இழுவை தாராளமானது. அடிக்கடி கியர் மாற்ற வேண்டியதில்லை. ஆனாற் சாதாரணப் பொக்ஸ்ரரும் மந்தமான வண்டியன்று. இயந்திரம் நடுவில் அமைந்திருப்பதால் வளைவுகளிற் கிடைக்கும் சமநிலை இரண்டுக்கும் பொதுவானது. இந்தக் காரின் புகழுக்குக் காரணமும் அச்சமநிலையே.

இனி, இரண்டுக்கும் பொதுவான ஒரு குறைக்கு வருவோம். இவற்றின் இயந்திரத்தினுள்ளே இடைத்தண்டு ஒன்று உண்டு. பிரதான தண்டின் சுழற்சியைப் பெற்று, வால்வுகளை இயக்கும் சங்கிலிகளுக்குக் கொடுப்பது அதன் வேலை. அத்தண்டின் ஒரு முனையைத் தாங்கும் பெயாறிங் உடைந்தால், சங்கிலி ஒழுங்கு குலைந்து, வால்வுகள் பிஸ்ரன்களில் மோதி, சில நொடிகளில் முழு இயந்திரமும் பாழாகும். மாற்று இயந்திரத்தின் செலவு காரின் விலையையே விழுங்கிவிடக்கூடும். ஏறத்தாழ 2000, 2001 வரை பொருத்தப்பட்டது இரட்டை வரிசைக் குண்டுகள் கொண்ட பெயாறிங். பின்னர் வந்தது ஒற்றை வரிசை. பிந்தியதே கூடுதலாகப் பழுதுபட்டது. 2001 மே முதல் 2005 பெப்ரவரி வரை தயாரான கார்கள் குறித்து அமெரிக்காவில் உரிமையாளர்கள் கூட்டாக வழக்குத் தொடுத்து, 2013 இல் இணக்கத் தீர்வு ஒன்றும் காணப்பட்டது.

ஆகவே, புதியதே நல்லது என்ற வழக்கமான கணக்கு இங்கு செல்லாது. 2000 ஆம் ஆண்டுக் காரில் உறுதியான பெயாறிங் இருக்கக்கூடும். 2003 ஆம் ஆண்டுக் காரிற் பின்பக்கப் பிளாஸ்ரிக் யன்னலுக்குப் பதிலாகக் கண்ணாடி யன்னலும், முன்பு இல்லாத கையுறைப் பெட்டியும் இருக்கும், பெயாறிங் மட்டும் ஒற்றை வரிசை. மேலதிகக் குதிரைவலுவுக்குப் பணம் கொடுத்தவருக்கும் இந்த ஆபத்திலிருந்து விலக்கில்லை. நல்ல செய்தியும் உண்டு: இத்தலைமுறைக் கார்களில் அந்தப் பெயாறிங்கை இயந்திரத்தைப் பிரிக்காமலே மாற்றலாம். கியர்ப் பெட்டியைக் கழற்றவேண்டும், அவ்வளவே. கிளச் மாற்றுவதற்கும் அதே கியர்ப் பெட்டியைத்தான் கழற்றவேண்டும் என்பதால், விபரமறிந்தவர்கள் இரண்டையும் ஒரே கூலியில் முடித்துக்கொள்வர். முந்திய உரிமையாளர் இவ்வாறு செய்து பற்றுச்சீட்டையும் வைத்திருப்பாராயின், அந்தத் தாள் இரட்டைப் புகைக்குழாயினும் பெறுமதி வாய்ந்தது.

குறைந்த கிலோமீற்றர் ஓடிய கார் என்ற விளம்பர வாசகத்திலும் மயங்க வேண்டாம். ஆண்டுக்கணக்காகக் கராஜில் நின்று, எண்ணெய் மாற்றப்படாமற் கிடந்த காரைவிட, ஒழுங்காக ஓடி, ஆண்டுதோறும் எண்ணெய் மாற்றப்பட்ட கார் நம்பத்தக்கது.

செலவுக் கணக்கைப் பார்ப்போம். வாகன வரியில் வேறுபாடு அற்பம். யூரோ 3 தரத்திலான இக்காலப் பெற்றோல் கார்களுக்கு 100 கன சென்ரிமீற்றருக்கு 6.75 யூரோ என்ற வீதத்தில், 2.7 லீற்றருக்கு ஆண்டுக்கு ஏறத்தாழ 182 யூரோவும், 3.2 லீற்றருக்கு 216 யூரோவும் வரும். கையைச் சுடுவது காப்புறுதியே. காப்புறுதி நிறுவனங்கள் ஒவ்வொரு கார் வகைக்கும் அதன் விபத்துக் கணக்கை நோக்கி ஒரு வகுப்பை வைத்திருக்கின்றன. பதிவுப் பத்திரத்திலுள்ள உற்பத்தியாளர் இலக்கத்தையும் வகை இலக்கத்தையும் விற்பவரிடம் கேட்டு வாங்கி, இரண்டு கார்களுக்கும் கட்டணம் விசாரித்த பின்னரே பேரம் பேசவேண்டும்.

நம் வீடுகளில் மகன் ஓடும் காரைத் தகப்பனாரின் பெயரில் இரண்டாவது காராகப் பதிவது வழக்கமாகிவிட்டது. கட்டணம் குறையும் என்பது உண்மை. ஆனால் ஓட்டுபவர் 22 வயது இளைஞர் என்பதை அறிவிக்காமல் விட்டால், விபத்தொன்று நேரும் நாளில் நிறுவனம் மேலதிகக் கட்டணத்தையும் ஒப்பந்தத் தண்டத்தையும் கேட்கலாம். விபத்தின்றி ஓடியதற்காகப் படிப்படியாகச் சேர்ந்த கழிவும், அக்காரின் ஒப்பந்தம் யாருடைய பெயரில் இருக்கின்றதோ அவருக்கே கீழிறங்கும்.

இன்னொன்றையும் நம்மவர் அறிந்திருத்தல் நலம். 2017 ஒக்ரோபர் முதல் ஜேர்மனியிற் சட்டவிரோதக் கார் ஓட்டப் பந்தயம் குற்றவியற் குற்றமாகும். எதிராளி எவருமின்றித் தனியொருவர் உச்ச வேகத்தை எட்டும் நோக்குடன் முரட்டுத்தனமாக ஓட்டுவதும் அதிலடங்கும். இரண்டாண்டு வரை சிறையோ தண்டமோ விதிக்கப்படலாம், காரும் பறிமுதலாகலாம். தண்டம் 90 நாள் வருமானக் கணக்கைத் தாண்டினால், குடியுரிமை விண்ணப்பத்துக்கே அது தடையாக வந்து நிற்கக்கூடும். ஜேர்மன் அயலவரின் மகனுக்கு இந்தக் கடைசிக் கவலை இல்லை.

நமது கருத்து இதுவே. கையிலுள்ள தொகை முழுவதையும் 'எஸ்' விழுங்குமாயின், அதனை விட்டுவிட்டுப் பத்திரங்கள் ஒழுங்காகவுள்ள சாதாரண பொக்ஸ்ரரை வாங்கி, மிஞ்சும் சில ஆயிரம் யூரோக்களை கிளச், பெயாறிங், ரயர், தண்ணீர்த் தாங்கி என்பவற்றுக்கு ஒதுக்கி வைக்கவேண்டும். அந்த ஒதுக்கீடும் கையிலிருக்க, 'எஸ்' உம் அதே ஒழுங்கில் இருக்குமானால், தாராளமாக அதனையே எடுக்கலாம். கடன்பட்டு வாங்குபவருக்கு நாம் இரண்டையும் பரிந்துரைக்க மாட்டோம்.

பார்க்கப் போகும்போது, இக்காரின் இயந்திரம் மூடியைத் திறந்து பார்க்கக்கூடிய இடத்தில் இல்லை என்பதை நினைவிற் கொள்க. பின் பெட்டியில் எண்ணெயும் தண்ணீரும் விடும் வாய்கள் மட்டுமே தெரியும். ஆகவே காரை உயர்த்தியில் ஏற்றிக் கீழிருந்து பார்க்கவேண்டும். இயந்திரமும் கியர்ப் பெட்டியும் சேருமிடத்தில் எண்ணெய்க் கசிவு உண்டா, எண்ணெய் வடிகட்டியின் மடிப்புகளில் உலோகத் துகள் மின்னுகின்றதா என்பதை ஒரு மெக்கானிக் பார்த்துச் சொல்லட்டும். முன் பம்பரின் இரு பக்கத் துவாரங்களுக்குள் இலைகுப்பை நிறைந்து றேடியேற்றர்கள் உக்கியிருக்கின்றனவா எனவும் பார்க்கவேண்டும். 'எஸ்' இல் நடுவில் மூன்றாவது ஒன்றும் உண்டு. உயர்த்தியில் ஏற்ற மறுக்கும் விற்பனையாளரிடம் நின்று பேசுவது வீண்.

போவதற்கு உகந்த காலம் நவம்பர். திறந்த காருக்கு வசந்தத்தில் விலை ஏறும்; குளிர் தொடங்கும்போது விற்பவருக்கு அதனை வைத்திருக்க இடமிராது. மழை நாளானால் இன்னும் நல்லது. கூரையின் நீர்வடிகால்கள் அடைபட்டிருந்தால் தண்ணீர் உள்ளே இறங்கி, சாரதி இருக்கையின் கீழுள்ள, பூட்டையும் திருட்டுத் தடுப்பையும் இயக்கும் மின்பெட்டியைக் கெடுத்துவிடும். இருக்கையைப் பின்னுக்குத் தள்ளி, கம்பளத்தைக் கையால் அழுத்திப் பாருங்கள்.