சுன்னாகத்துக் கிணறுகளும் நிலத்தடி எண்ணெயும்

யாழ்ப்பாணக் குடாநாட்டில் ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு கிடையாது. குடிக்கவும் தோட்டத்துக்கு இறைக்கவும் இருப்பது மழையால் மட்டுமே நிரம்பும் நிலத்தடி நீர். அதைத் தாங்கி நிற்கும் சுண்ணாம்புக்கல் வெடிப்பும் பொந்துமானது. மேலே கொட்டியதை வடிகட்டாமல் கீழே இறக்கிவிடும். சுன்னாகம் மின் நிலையத்தைச் சுற்றியிருந்த வீட்டுக் கிணறுகளில் எண்ணெய் மிதந்தபோது ஊர் இதைக் கண்ணால் கண்டது. போர்க்காலத்தில் அங்கிருந்த எண்ணெய்த் தாங்கி தாக்கப்பட்டதும், பின்னாளில் அனல்மின் உற்பத்தியில் வெளியேறிய கழிவு ஒயிலும் காரணங்களாகப் பேசப்பட்டன.

தாங்கியை அகற்றினாலும் நிலத்துக்குள் போன எண்ணெய் அங்கேதான் இருக்கும். நீரைவிட இலேசானதால் நீர்மட்டத்தின் மேல் மிதக்கும். கோடையில் நீர் இறங்கும்போது தானும் இறங்கிக் கல்லிடுக்கில் ஒட்டிக்கொள்ளும். மாரி மழையில் நீர் ஏறும்போது மீண்டும் கரைந்து பரவும். ஆகவே ஒரு பருவத்தில் ஒரே தடவை எடுத்த பரிசோதனையை வைத்து, கிணறு சுத்தமானது என்று எவரும் சான்று தர முடியாது. வெடிப்புகள் வழியே நீர் ஓடுவதால், ஒரு வளவின் கிணறு கெட்டிருக்க அடுத்த வளவுக் கிணறு நன்றாக இருப்பதும் உண்டு.

கண்காணிப்புக்கென்றே தனிக் குழாய்க்கிணறுகள் தோண்டப்படுவது இதனால்தான். நீர் எந்தப் பக்கம் நகர்கிறது என்று அறியக் குறைந்தது மூன்று கிணறுகள் தேவை. ஒன்றாவது தாங்கி இருந்த இடத்துக்கு மேல்பக்கம் இருக்க வேண்டும். அதன் நீரோடு ஒப்பிட்டால்தான் கீழ்ப்பக்கத்து மாசு எங்கிருந்து வந்தது என்று சொல்லலாம். குழாயின் துளையுள்ள பகுதி, மாரியிலும் கோடையிலும் நீர்மட்டத்துக்கு மேலும் கீழும் நீண்டிருக்க வேண்டும். துளைகள் முழுதும் நீருக்கடியில் இருந்தால் மிதக்கும் எண்ணெய் குழாய்க்குள் வராது. அறிக்கை மட்டும் சுத்தமாக வரும்.

மாதிரி எடுக்கும் விதத்திலும் உண்மை தொலைந்துபோகலாம். பெற்றோலில் உள்ள பென்சீன் போன்றவை எளிதில் ஆவியாகும். 40 மில்லிலீற்றர் கண்ணாடிச் சீசாவை விளிம்பு வரை நிரப்பி, மூடி, தலைகீழாகக் கவிழ்த்துப் பார்க்க வேண்டும். ஒரு குமிழி தெரிந்தாலும் அந்த மாதிரி ஆகாது. பிறகு பனிக்கட்டியில் வைத்தே ஆய்வுகூடத்துக்குக் கொண்டுபோக வேண்டும். பிளாஸ்டிக் போத்தலில் அள்ளி வெயிலில் எடுத்துச் சென்ற நீரில் பென்சீன் இல்லை என்று வந்தால், அதற்கு மதிப்பில்லை. எதைத் தேடுவது என்பது அங்கே என்ன இருந்தது என்பதைப் பொறுத்தது: பெற்றோல் இருந்த இடத்தில் பென்சீன், தொலுயீன்; டீசலும் உலை எண்ணெயும் இருந்த இடத்தில் மொத்தப் பெற்றோலிய ஐதரோகாபன்.

வீட்டுக்காரர் செய்யக்கூடிய எளிய சோதனை ஒன்று உண்டு. நீர்மேல் பல நிறத்தில் மின்னும் படலத்தை ஒரு குச்சியால் கலைத்தால், இரும்புப் பற்றீரியாவின் படலம் துண்டு துண்டாக உடைந்து நிற்கும். எண்ணெய்ப் படலம் மறுபடி ஒன்றுசேரும். ஆனால் கண்ணும் மூக்கும் போதாது. உலக சுகாதார நிறுவனம் குடிநீருக்கு வகுத்த பென்சீன் வரம்பு லீற்றருக்கு 0.01 மில்லிகிராம். மணம் தெரிவதோ லீற்றருக்கு 10 மில்லிகிராம் அளவில், அதாவது ஆயிரம் மடங்கில். பென்சீன் இரத்தப் புற்றுநோயை உண்டாக்கவல்லது. குளோரின் இதை அகற்றாது. கொதிக்கவைத்தால் ஆவி அடுக்களைக்குள் பரவும். மாசுபட்ட கிணறு என்று தெரிந்தால் மாற்று நீரே பாதுகாப்பு.

சுன்னாகத்து மக்களுக்குச் சட்டம் ஓரளவு கைகொடுத்தது. 2015இல் தாக்கலான அடிப்படை உரிமை மனுவில் 2019 ஏப்ரல் 4ஆம் திகதி இலங்கை உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்து, மின் நிலையத்தை நடத்திய நொதேர்ன் பவர் நிறுவனம் 2 கோடி ரூபாய் இழப்பீடு செலுத்த வேண்டும் என்றது. மாசுபடுத்தியவரே செலவை ஏற்க வேண்டும் என்ற கொள்கை அத்தீர்ப்பின் அடிப்படை. வழக்கில் வலுச் சேர்த்தவை தேசிய நீர் வழங்கல் வடிகாலமைப்புச் சபை கிணறு கிணறாக எடுத்த அளவீடுகள். அப்படியான பதிவு இல்லாத ஊருக்கு நீதிமன்றத்தில் காட்ட எதுவும் இருக்காது.

முறைப்பாட்டை மத்திய சுற்றாடல் அதிகாரசபைக்கும் பிரதேச சபைக்கும் எழுத்தில் கொடுத்துப் பிரதி வைத்துக்கொள்ள வேண்டும். அரச நிறுவனத்திடம் உள்ள பரிசோதனை அறிக்கைகளை 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் கேட்கலாம். 14 வேலை நாட்களுக்குள் முடிவு சொல்லியாக வேண்டும். பொதுத் தொல்லை என்று நீதவான் நீதிமன்றத்தையும் நாடலாம். அடிப்படை உரிமை மனுவுக்கோ அரசியலமைப்பு தரும் அவகாசம் ஒரே மாதம். எனவே கிணற்றில் எண்ணெய் தெரிந்த நாளை அன்றே எழுதி வையுங்கள்.