முதலில் பண்ணல்

நிலாக் காலத்து இரவுகளிலே மட்டக்களப்பு வாவியில் மீன் பாடும் என்பர். 1848ஆம் ஆண்டு செப்டெம்பர் மாதம் இங்கு வந்த எமர்சன் தெனன்ற், நீரடியிலிருந்து எழுந்த அவ்வொலிகளைத் தாமே கேட்டுப் பின்னர்த் தம் நூலில் எழுதிவைத்தார். அதனைக் கேட்க விரும்புவோன் தோணியை நிறுத்தித் துடுப்பின் ஓசையை அடக்கிக் காத்திருத்தல் வேண்டும். அந்தப் பாடத்தை அண்மையில் ஒரு மின்கிற்றார் எனக்கு மீண்டும் கற்பித்தது.

என் தமக்கையின் மகன் கிற்றார் பயில்கிறான். பறங்கியரின் கப்ரிஞ்ஞா இசை நெடுங்காலம் வாழ்ந்துவரும் இவ்வூருக்கு நரம்பிசை அந்நியமன்று. சேர்த்துவைத்த சிறு தொகையோடு ஒருநாள் அவன் என்னிடம் வந்தான்.

"மாமா, காலால் மிதித்து இயக்கும் பெடல்களை ஒரு பலகையில் அமைக்கப் போகிறேன். நூறு வகை ஒலி தரும் 'மல்ட்டி எஃபெக்ட்ஸ்' பெட்டி ஒன்றை வாங்கட்டுமா? அல்லது சுருதி காட்டும் டியூனரும் வேறோர் பெடலும் போதுமா?"

அதற்கு முந்திய மாதம் நடந்தது இருவருக்கும் நினைவிருந்தது. ஒரு மாலை விழாவில் அவன் இரவல் பெட்டியோடு மேடையேறினான். நரம்புகள் புதியவை, இரண்டாம் பாட்டிலேயே தளர்ந்தன. பெட்டிக்குள் டியூனர் இருந்தது. ஆனால் எந்தப் பொத்தானுக்குப் பின் ஒளிந்திருந்தது என்பது அவசரத்தில் புலப்படவில்லை. எதிரொலியைக் கூட்டிக் குறையை மறைக்க முயன்றான். எதிரொலியோ ஒரு பிழையைப் பல பிழையாக்கிற்று.

அவனுக்கு நான் சொன்ன விடை பழையது. சிலப்பதிகாரத்துக் கானல்வரியிலே மாதவி யாழை இசைக்கும் முறை எட்டாகப் பகுக்கப்படுகிறது. அவற்றுள் முதலாவது பண்ணல். அதாவது பாடக் கருதிய பண்ணுக்கு ஏற்ப நரம்புகளைச் சுருதி கூட்டுதல். ஏனைய யாவும் அதன் பின்னரே.

ஆதலால் டியூனரையே முதலில் தேர்க. பன்னிரு சுரங்களையும் அது காட்டல் வேண்டும்; வெயிலிலும் எழுத்துத் தெரிதல் வேண்டும்; ஒரே மிதியில் இயங்கி, சுருதி கூட்டும்போது ஒலியை அடக்கல் வேண்டும். கிற்றாரை அடுத்து வரிசையின் தலையில் அது இருப்பது நன்று. ஒலியைத் திரிக்கும் பெடலுக்குப் பின்னே வைத்தால் மிகையான கிளையொலிகள் அளவைக் குழப்பும்.

பல்விளைவுப் பெட்டி பழிக்கத்தக்கதன்று. குறைந்த செலவில் பல ஒலிகளை அறிய அது உதவும். ஆயின், அது பழுதுற்றால் அத்தனை குரலும் ஒருங்கே அடங்கும். வாங்குமுன் அதன் டியூனரை எத்தனை மிதியில் எட்டலாம் என்று பார்த்தல் வேண்டும். மின்வலுவும் கருதத்தக்கது, பெரும்பாலான சிறு பெடல்கள் 9 வோல்ற்றில் இயங்கும். பெட்டி கேட்கும் மின்னோட்டம் மிகுதியாக இருக்கலாம்.

இன்னொன்றும் சொன்னேன். டியூனரின் முள்ளும் முடிந்த முடிபன்று. அது எண்மத்தைச் சமமான பன்னிரண்டு கூறாக வகுக்கிறது. ஒரு கூற்றுக்கு 100 சென்ற். இயற்கையான பஞ்சமம் 3:2 என்னும் விகிதத்தது, ஏறத்தாழ 702 சென்ற். டியூனர் காட்டுவது 700. வேறுபாடு சிறிது. அந்தர காந்தாரமோ 5:4 விகிதத்தில் 386 சென்ற் அளவே. டியூனர் காட்டுவது 400. தம்புராவோடு இசைக்கும்போது இந்த 14 சென்ற் செவியை உறுத்தும். காரைதீவிலே 1892இல் பிறந்த விபுலானந்த அடிகள், 1947இல் அரங்கேறிய தம் 'யாழ் நூல்' வழியாகப் பண்டை நரம்புகளின் இத்தகைய விகிதங்களையே கணக்கிட்டுத் தேடினார். அவ்வாண்டிலேயே மறைந்த அவர் கல்லடி உப்போடையில் துயில்கிறார்.

மருமகன் ஒரு டியூனரும் எதிரொலிப் பெடல் ஒன்றும் வாங்கினான். இப்போது மாலைதோறும் கண்ணை மூடிச் செவியால் நரம்பைக் கூட்டுகிறான். அதன் பின்னரே முள்ளைப் பார்க்கிறான். சில நாளில் முள் அவனைத் திருத்துகிறது. சில நாளில் அதைப் பார்த்துப் புன்னகைத்து, நரம்பை இருந்தபடியே விட்டுவிடுகிறான்.