மேகம் எப்போது மழையாகும்?

ஐப்பசி பிறந்தால் தம்பலகாமத்து வயற்காரருக்கு இரண்டு கவலைகள். கந்தளாய்க் குளத்தில் எவ்வளவு நீர் நிற்கிறது என்பது ஒன்று. மாரி எப்போது தொடங்கும் என்பது மற்றது. வாய்க்கால் எட்டும் வயல்களில் இரு போகம் செய்யலாம். எட்டாத மேட்டுக் காணிகளில் வானத்தை நம்பி ஒரு போகம்தான்.

1990இலும், அதற்கு முன்னும் பின்னும், திருகோணமலை மாவட்டத்தின் எத்தனையோ விவசாயக் குடும்பங்கள் ஊரைவிட்டுப் போக நேர்ந்தது. பல வருடம் வேறிடத்தில் இருந்துவிட்டுத் திரும்பும்போது காணிக்கு உறுதி தேடுவதும் காடு வெட்டுவதுமே பெரிய வேலையாகிவிடுகிறது. எந்த மேகம் பெய்யும், எது ஏமாற்றும் என்று அந்த மண்ணில் நின்று பார்த்துப் பழகிய பெரியவர்கள் பலர் திரும்பி வரவில்லை. பிள்ளைகளோ முகாமிலும் உறவினர் வீட்டிலும் வளர்ந்தவர்கள். ஆகவே மழை உண்டாகும் விதத்தை இவ்விதழில் சற்று விரிவாக எழுதுகிறோம். வீட்டில் பிள்ளைகளைக் கொண்டு வாசித்துக் கேளுங்கள்.

கண்ணுக்குத் தெரியாத நீர்

கடல், குளம், வயல், மரத்தின் இலை எல்லாவற்றிலிருந்தும் நீர் ஆவியாகிக் காற்றில் கலக்கிறது. ஆவி கண்ணுக்குத் தெரியாது. கேத்தல் வாயிலிருந்து வெண்மையாக எழுவது ஆவியல்ல. ஆவி குளிர்ந்து மீண்டும் சிறு துளியானதையே நாம் காண்கிறோம். மேகமும் அப்படித்தான்.

சூடான காற்று கூடிய ஆவியைத் தாங்கும். 30 பாகை செல்சியசில் ஒரு கன மீற்றர் காற்று ஏறத்தாழ 30 கிராம் நீராவியை வைத்திருக்கலாம். அதே காற்று 20 பாகைக்குக் குளிர்ந்தால் 17 கிராம்தான் வைத்திருக்கும். மிகுதி வெளியே வரவேண்டும்.

காற்று எப்படிக் குளிர்கிறது? மேலே எழுவதால். சைக்கிள் ரியூப்பின் காற்றைத் திறந்துவிட்டு விரலை வைத்துப் பாருங்கள், குளிரும். அமுங்கியிருந்த காற்று விரியும்போது தன் சூட்டை இழக்கிறது. நிலத்தருகே இருந்த காற்று மேலே போகப் போக அமுக்கம் குறைந்து விரிகிறது. ஒவ்வொரு கிலோமீற்றருக்கும் ஏறத்தாழ 10 பாகை குளிர்கிறது. ஆவி ஒடுங்கி நீராகத் தொடங்கும் உயரத்தில் மேகத்தின் அடிப்பாகம் அமைகிறது. பல மேகங்களின் அடி ஒரே மட்டத்தில் தட்டையாகத் தெரிவதன் காரணம் இதுவே.

ஆவி ஒடுங்குவதற்கு ஒட்டிக்கொள்ள ஏதாவது வேண்டும். தூசி, புகை, எல்லாவற்றிலும் மேலாக உப்பு. கொட்டியாரக் குடாவில் அலை உடையும்போது தெறிக்கும் நுண்துளிகள் காய்ந்து உப்புத் தூளாகிக் காற்றோடு ஏறுகின்றன. உப்பு ஈரத்தை இழுக்கும் என்பது சமையலறையில் உப்புப் போத்தல் வைத்திருக்கும் எவருக்கும் தெரிந்தது.

இன்னுமொன்று. நீரை ஆவியாக்க வெப்பம் வேண்டும். அதற்காகத்தான் அடுப்பில் விறகு எரிக்கிறோம். அந்த வெப்பம் அழிந்து போவதில்லை. ஆவி மேகத்தில் மீண்டும் நீராகும்போது அது வெளிப்பட்டு, மேகத்துக் காற்றைச் சூடாக்கி, இன்னும் மேலே தள்ளுகிறது. மத்தியானம் ஒரு பஞ்சுப் பொதியளவாய் நின்ற மேகம் பின்னேரம் 12 கிலோமீற்றருக்கு மேல் வளர்ந்து இடிப்பது இதனால்தான்.

பத்து இலட்சம் துளிகள் சேர வேண்டும்

மேகத் துளி ஒன்றின் குறுக்களவு ஒரு மில்லிமீற்றரில் ஐம்பதில் ஒரு பங்கு அளவே. செக்கனுக்கு ஒரு சென்ரிமீற்றர் வேகத்தில்தான் அது விழும். எழும் காற்று அதைத் தூக்கிப் பிடித்துக்கொள்ளும். நடுத்தரமான மழைத்துளி 2 மில்லிமீற்றர். அப்படி ஒரு துளி உண்டாக ஏறத்தாழ பத்து இலட்சம் மேகத் துளிகள் ஒன்றுசேர வேண்டும். பெரும்பாலான மேகங்கள் பெய்யாமலே கலைந்து போவதற்கு இதுவே காரணம்.

சேரும் வழி இரண்டு. பெரிய உப்புத் தூளில் பிறந்த துளி மற்றவற்றைவிடப் பெரிதாக இருக்கும். அது வேகமாக விழுந்து, வழியில் உள்ள சிறியவற்றை விழுங்கி விழுங்கிப் பருக்கிறது. கடலிலிருந்து வரும் மேகம் அதிக உயரம் இல்லாமலே பெய்துவிடுவதை நீங்கள் கண்டிருப்பீர்கள். எலியா தீர்க்கதரிசியின் வேலைக்காரன் ஏழாம் முறை பார்த்தபோது கடலிலிருந்து எழுந்த கையளவு மேகம் பெருமழை கொண்டுவந்ததாக வேதாகமம் சொல்கிறது. கரையோர மக்களுக்கு அது புதினமான செய்தியல்ல. மாறாக, புகை மிகுந்த காற்றில் துளிகள் அளவு கடந்து பெருகி எல்லாம் சிறிதாகவே நின்றுவிடும். அவை எளிதில் சேரமாட்டா.

இரண்டாவது வழி பனிக்கட்டி. எமது தலைக்கு மேல் ஏறத்தாழ 5 கிலோமீற்றர் உயரத்தில் வெப்பநிலை 0 பாகைக்கு இறங்கிவிடுகிறது. அதற்கு மேல் உள்ள துளிகள் உடனே உறைவதில்லை. ஆனால் ஒரு பளிங்கு உறைந்துவிட்டால் அது சுற்றியுள்ள ஆவியை இழுத்து வளர்கிறது, துளிகள் வற்றுகின்றன. 1930களில் இதை விளக்கியவர் சுவீடன் நாட்டு வானிலையாளர் தோர் பேர்கெரோன். வைகாசி வெயிலில் வாடும் எமது ஊரிலும், இடிமழையின் துளிகளில் பல, வானத்தில் பனிக்கட்டியாகப் பிறந்து வழியில் உருகியவை.

பாடப்புத்தகங்களில் மழைத்துளியைக் கண்ணீர்த் துளி போல வரைவார்கள். அது சரியல்ல. சிறிய துளி உருண்டை. பெரியது கீழ்ப்பக்கம் தட்டையாகிப் பணிஸ் போல இருக்கும். 5 மில்லிமீற்றரைத் தாண்டினால் உடைந்துவிடும். செக்கனுக்கு 6, 7 மீற்றர் வேகத்தில் விழும் இத்துளிகள் வெறும் மண்ணை அடித்து உடைத்து, மேலே ஒரு ஓடு கட்டச் செய்கின்றன. புழுதி விதைப்பில் முளை வெளிவர முடியாமல் திணறுவது இதனாலும்தான்.

எமது ஊரின் மழைகள்

திருகோணமலையில் சராசரியாக வருடத்துக்கு 1,500க்கும் 1,600க்கும் இடைப்பட்ட மில்லிமீற்றர் மழை பெய்கிறது. நவம்பர், டிசம்பர் இரண்டிலும் மாதத்துக்கு 300க்கு மேல். ஜூன் மாதத்தில் 30ஐ எட்டுவதும் அரிது.

ஒக்டோபர், நவம்பரில் வருவது பெரும்பாலும் பின்னேர இடிமழை. நிலம் சூடேறிக் காற்று எழ, கடற்காற்று உள்ளே வந்து அதைத் தூக்கிக் கொடுக்கிறது. இம்மேகம் சில கிலோமீற்றர் அகலமே இருக்கும். கந்தளாயில் கொட்டும், தம்பலகாமத்தில் தூறலும் இராது. இந்த முதல் மழையை மட்டும் நம்பி விதைத்தவர்கள், முளைத்த பயிர் அடுத்த இரு வாரம் காய்ந்து கிடப்பதைப் பார்த்திருக்கிறார்கள். மின்னலும் இக்காலத்தில்தான் அதிகம். வெட்டவெளி வயலில் நிற்பவர் மரத்தடியை நாடாமல் வீட்டுக்குள் போய்விட வேண்டும்.

டிசம்பர் தொடக்கம் வாடைக்காற்று வங்காள விரிகுடாவின் ஈரத்தைச் சுமந்து வருகிறது. இது பரவலான மழை. இதனிடையே தாழமுக்கங்களும் சூறாவளிகளும் வரும். 1964 டிசம்பரிலும், 2000 டிசம்பர் 26இலும், 2020 டிசம்பர் 2இலும் எமது மாவட்டத்துப் பக்கமாகவே சூறாவளிகள் கரையேறின.

மே முதல் செப்டெம்பர் வரையான தென்மேல் பருவக்காற்று எமக்குக் கச்சானாக வருகிறது. அக்காற்று மலைநாட்டின் மேற்குச் சரிவில் ஏறிக் குளிர்ந்து அங்கேயே பெய்துவிடுகிறது. மலை கடந்து இறங்கும்போது அமுங்கிச் சூடாகிறது. ஈரத்தை இழந்து சூடேறிய காற்றுத்தான் எமது வயலைக் காயவைக்கிறது. ஆனால் அந்த மழை எமக்கு முற்றாக இல்லாமல் போவதில்லை என்பதைப் பலர் நினைப்பதில்லை. மலையில் பெய்த நீர் மகாவலியில் ஓடுகிறது. 1976 முதல் பொல்கொல்லையில் அதன் ஒரு பகுதி அம்பன் கங்கைக்குத் திருப்பப்படுகிறது. அங்கிருந்து எலஹெர, மின்னேரியா, கவுடுல்லை வழியாகக் கந்தளாய்க் குளத்துக்கு வரும். தம்பலகாமத்துச் சிறுபோக நெல்லின் வேரில் நிற்கும் நீரில், தேயிலைத் தோட்டத்து மழையும் கொஞ்சம் கலந்திருக்கிறது. இப்பக்கம் வாய்க்கால் வறண்டால், எமது வானத்தை மட்டும் பார்த்துப் பயனில்லை. மலைநாட்டில் பெய்ததா என்றும் விசாரிக்க வேண்டும்.

மேகத்தில் இரசாயனம் தூவி மழை வருவிக்கலாமா என்று சிலர் கேட்கிறார்கள். 1946இல் அமெரிக்காவில் தொடங்கிய முயற்சி இது. இங்கும் 2019 மார்ச்சில் மவுசாகலை நீர்த்தேக்கப் பக்கம் தாய்லாந்து நிபுணரின் உதவியோடு செய்து பார்த்தார்கள். மேகம் ஏற்கெனவே திரண்டிருந்தால் சற்றுத் தூண்டலாம். மேகமில்லாத வானத்தில் எந்தத் தூளும் மழை தராது.

ஒரு பேணியும் ஒரு கொப்பியும்

வாயும் அடியும் ஒரே அகலமான பால்மாப் பேணி ஒன்றை எடுங்கள். மரமோ கூரையோ மறைக்காத இடத்தில் சாயாமல் நிறுத்துங்கள். நாள்தோறும் காலை 8.30க்கு, வானிலைத் திணைக்களம் அளக்கும் அதே நேரத்தில், அடிமட்டத்தால் நீரின் உயரத்தை மில்லிமீற்றரில் அளந்து, கொப்பியில் திகதியோடு எழுதிவிட்டு நீரை ஊற்றிவிடுங்கள். 1 மில்லிமீற்றர் என்றால் சதுர மீற்றருக்கு 1 லீற்றர். 25 மில்லிமீற்றர் பெய்தால் ஓர் ஏக்கரில் ஒரு இலட்சம் லீற்றருக்குச் சற்று மேல், அதாவது நூறு தொன் நீர், விழுந்திருக்கிறது. அயலில் நாலைந்து வீட்டார் சேர்ந்து செய்தால் எந்த மூலையில் பெய்தது, எது தவறியது என்று தெரியும். ஒக்டோபர் முதலாந் திகதியிலிருந்து கூட்டிக்கொண்டே வாருங்கள். விதைத்த நாளையும் முளைத்த நாளையும் அதே பக்கத்தில் குறித்து வையுங்கள்.