குறுங்கோள் தேடியவரின் கோபம்

விக்ரம் சாராபாய் 1971-ல் மறைந்தார். ஆனால் 2987 என்ற எண்ணோடு அவர் பெயரில் ஒரு குறுங்கோள் இன்றும் சூரியனைச் சுற்றி வருகிறது. அணுகுண்டு நாட்டுக்குப் பாதுகாப்பு தந்துவிடாது என்று வாதிட்டவரின் பெயரைத் தாங்கும் அந்தக் கல்லை முதலில் படம்பிடித்தவர், போரை நேரில் கண்டவர்: டாம் கெரல்ஸ்.

ஹாலந்தில் 1925-ல் பிறந்தார். நாஜிப் படைகள் நாட்டைப் பிடித்தபோது பள்ளி வயது. ரகசிய எதிர்ப்பு இயக்கத்தில் சேர்ந்தார், இங்கிலாந்துக்குத் தப்பினார், பாராசூட்டில் மறுபடியும் தாய்நாட்டிலேயே இறக்கப்பட்டார். போர் முடிந்ததும் வானியல். பிறகு அமெரிக்கா.

பலோமார் மலைத் தொலைநோக்கியில் 1960-ல் தகடு தகடாக வானத்தைப் படம் எடுத்து, லைடன் நகருக்கு அனுப்பினார். அங்கே கார்னெலிஸ், இங்கிரிட் வான் ஹூட்டன் தம்பதியர் அவற்றில் நகரும் புள்ளிகளைப் பொறுமையாகத் தேடினார்கள். இந்த மூவர் கணக்கில் நாலாயிரத்துக்கும் மேற்பட்ட குறுங்கோள்கள். பின்னாளில் கெரல்ஸ் தொடங்கிய 'ஸ்பேஸ்வாட்ச்' திட்டம் புகைப்படத் தகட்டைக் கைவிட்டு, மின்னணுக் கருவியால் வானத்தைத் துழாவியது. தேடப்பட்டவை பூமிக்கு அருகே வரும் கற்கள்.

சிவாஜிநகரில் ரஸல் மார்க்கெட் விளக்குகளுக்கு மேலே நாலு நட்சத்திரம் தெரிந்தால் அதிர்ஷ்டம். அதற்கெல்லாம் காவலூர் மலைக்குத்தான் போக வேண்டும். பெங்களூரின் இந்திய வான் இயற்பியல் நிறுவனத்தைச் சேர்ந்த ராஜமோகன், 'கல்கி' என்ற திட்டத்தில் 1988 பிப்ரவரியில் ஒரு குறுங்கோளை அங்கேதான் கண்டுபிடித்தார். அதற்கு ராமானுஜன் பெயர்.

சரி, கல் வருகிறது என்று தெரிந்தால்? அணுகுண்டு வீசலாம் என்றது ஆயுத விஞ்ஞானிகளின் கூட்டம். கல்லைத் திருப்பிவிடும் கருவியால் அதைப் பூமியை நோக்கியும் திருப்பலாமே என்று 1994-ல் எச்சரித்தார்கள் கார்ல் சேகனும் ஸ்டீவன் ஆஸ்ட்ரோவும். முன்கூட்டியே கண்டுபிடித்துவிட்டால் லேசான இடி போதும். 2022 செப்டம்பரில் நாசாவின் 'டார்ட்' விண்கலம் குண்டு எதுவும் இல்லாமல், வெறுமனே மோதியே, டைமார்ஃபஸ் என்ற சிறு கல்லின் சுற்று நேரத்தை அரை மணிக்கும் மேலாகக் குறைத்துக் காட்டியது. கெரல்ஸின் தேடலுக்குப் பொருள் அப்போதுதான் பலருக்கும் புரிந்தது.

விண்வெளித் துறையின் பெரிய மனிதர்கள் சொல்லத் தயங்கியதையும் அவர் சொன்னார். அதே 1994-ல் 'நேச்சர்' இதழில் வெர்னர் வான் பிரானைக் கடுமையாகச் சாடினார். நிலவுக்கு மனிதனை அனுப்பிய ராக்கெட்டின் நாயகன் என்று உலகம் கொண்டாடிய வான் பிரான், ஹிட்லருக்காக வி-2 ஏவுகணையை உருவாக்கியவர். அதைச் சுரங்கத்துக்குள் செய்து கொடுத்தவர்கள் டோரா முகாமின் அடிமைக் கைதிகள். அந்த முகாம்களில் மாண்டவர்கள் சுமார் 20,000 பேர். விஞ்ஞானச் சாதனை என்றால் பழங்கணக்கு கேட்கக் கூடாது என்பது எழுதப்படாத விதி. கெரல்ஸ் கேட்டார்.

2011 ஜூலையில் அமெரிக்காவின் டூசான் நகரில் காலமானபோது அவருக்கு 86 வயது. அவர் பெயரிலும் ஒரு குறுங்கோள் உண்டு. எண் 1777.