அட்வான்ஸ் பணத்தில் டைல்ஸ் போட்டாச்சு... காலி செய்தால் என்ன செய்வது? புது வீட்டுக்காரர்கள் திண்டாட்டம்

திருநின்றவூர்-

மாடியில் ஒரு போர்ஷன் கட்டி வாடகைக்கு விட்டால் போதும், மாதம் பிறந்தால் கையில் காசு, வயதான காலத்தில் உட்கார்ந்து சாப்பிடலாம்! இப்படி நினைத்துக் கட்டியவர்கள் இப்போது உட்காரவே நேரம் இல்லாமல் தவிக்கிறார்கள்.

சென்னைக்கு மேற்கே, ஆவடியைத் தாண்டி இருக்கிறது திருநின்றவூர். பேரூராட்சியாக இருந்த ஊர் 2021-ம் ஆண்டு நகராட்சி ஆனது. மின்சார ரெயில் வசதி உண்டு. அம்பத்தூர், ஆவடி தொழிற்சாலைகளில் வேலை பார்ப்பவர்களும், சென்னைக்குத் தினமும் ரெயிலில் போய் வருபவர்களும் இங்கே குடி வருகிறார்கள். கீழே வீட்டுக்காரர், மேலே குடித்தனக்காரர். வாசல் கேட்டில் "டூ-லெட்" போர்டு.

இந்த வீட்டுக்காரர்கள் லட்சாதிபதிகள் அல்ல. பி.எப்., கிராஜுவிட்டி, மனைவியின் நகை, பாங்கிக் கடன் எல்லாவற்றையும் செங்கல்லிலும் சிமெண்டிலும் கொட்டியவர்கள்.

கையில் காசு இல்லாமல் மனதுக்குள்ளேயே கோயில் கட்டியவர் பூசலார் நாயனார். அவருடைய ஊர் இதுதான். இன்று இந்த ஊரில் மனதுக்குள் கட்டப்படுவது வாடகைக் கணக்கு!

அந்தக் கணக்கு எங்கே உதைக்கிறது?

அட்வான்ஸ் யார் பணம்?

ஒரு வீட்டை எடுத்துக்கொள்வோம். வாடகை ரூ.7 ஆயிரம் என்று வைத்துக்கொள்வோம். ஊர் வழக்கப்படி பத்து மாத அட்வான்ஸ் ரூ.70 ஆயிரம்.

அந்த எழுபதாயிரம் கைக்கு வந்த அன்றே செலவாகிவிடுகிறது. பாக்கி நின்ற டைல்ஸ், பால்கனி கிரில், தண்ணீர் மோட்டார், மேஸ்திரி கணக்கு என்று போய்விடுகிறது.

ஒரு வருஷம் கழித்துக் குடித்தனக்காரர் கீழே இறங்கி வருகிறார்.

"ஐயா, எனக்கு ஒரகடத்துல வேலை கிடைச்சிருக்கு. அடுத்த மாசம் காலி பண்றோம். அட்வான்சை ரெடி பண்ணிடுங்க."

வீட்டுக்காரருக்குப் பகீர் என்கிறது!

"அடுத்த ஆள் வரட்டும் தம்பி. அவங்க கொடுத்ததும் வாங்கித் தந்துடறேன்."

அடுத்த ஆள் வரவில்லை. இங்கே வாங்கினால்தான் இவர் அங்கே புது வீட்டுக்கு அட்வான்ஸ் கட்ட முடியும். மாடியிலும் தூக்கம் இல்லை, கீழேயும் தூக்கம் இல்லை.

வீட்டுக்காரர் மோசடிக்காரர் அல்ல. அடுத்தவர் பணத்தைத் தன் பணம் என்று நினைத்துச் செலவு செய்துவிட்டார். அட்வான்ஸ் என்பது வருமானம் அல்ல, திருப்பித் தரவேண்டிய கடன். புது வீட்டுக்காரர்களின் தொல்லைகளில் பாதி இந்த ஒன்றை மறப்பதில்தான் தொடங்குகிறது.

சட்டம் என்ன சொல்கிறது?

1960-ம் ஆண்டு வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் இருந்த காலத்தில் ஒரு மாத வாடகைதான் அட்வான்ஸ் என்று இருந்தது. அதை யாரும் சட்டை செய்யவில்லை. பத்து மாதம் என்பதே வழக்கமாகிவிட்டது.

அந்தச் சட்டம் போய், வீட்டு உரிமையாளர்-வாடகைதாரர் உரிமைகள், பொறுப்புகள் பற்றிய 2017-ம் ஆண்டுச் சட்டம் 2019 பிப்ரவரி 22-ந்தேதி அமலுக்கு வந்தது. இதில் சொல்லப்பட்ட அளவு மூன்று மாத வாடகை. காலி செய்தால், பாக்கியைக் கழித்துக்கொண்டு ஒரு மாதத்துக்குள் திருப்பித் தரவேண்டும்.

ரூ.7 ஆயிரம் வாடகைக்கு மூன்று மாதம் என்றால் ரூ.21 ஆயிரம். "இவ்வளவுதானா?" என்று வீட்டுக்காரர் முகம் சுருங்குகிறது. ஆனால் எழுபதாயிரத்தை ஒரே மாதத்தில் புரட்டுவதைவிட இருபத்தோராயிரத்தைப் புரட்டுவது சுலபம். அதைத் தனியாக பாங்கியில் போட்டுவைத்தால் புரட்டவே வேண்டாம்.

ஆடி வந்தால் பூட்டு

வீடு வருஷம் முழுவதும் நிரம்பி இருக்கும் என்பது அடுத்த மனக்கணக்கு.

ஆடியில் பலர் குடி மாற மாட்டார்கள். மார்கழியிலும் அப்படித்தான். ஆனி கடைசியில் காலியானால் ஆவணி பிறக்கும்வரை பூட்டுதான். வாடகை நின்றாலும் பாங்கித் தவணை நிற்காது. புரோக்கருக்குக் கமிஷன் வேறு.

பன்னிரண்டு மாத வாடகையைக் கணக்குப் போட்டுக் கடன் வாங்கியவர்கள் இங்கேதான் இடறி விழுகிறார்கள். பத்து மாத வாடகை வரும் என்று போட்டால் மூச்சு விடலாம்.

வீடு பார்க்க வருகிறவர்கள் கேட்கும் முதல் கேள்வி வாடகை எவ்வளவு என்பது அல்ல. "ஓனர் கீழேயே இருக்காரா?" என்பதுதான்! விருந்தாளி வந்தால் முறைப்பது, இரவு பத்து மணிக்கு கேட்டைப் பூட்டுவது, குழம்பு வாசனையை மோப்பம் பிடிப்பது. இதற்கெல்லாம் பயந்தே நல்ல குடித்தனக்காரர்கள் திரும்பிப் போய்விடுகிறார்கள்.

கரண்ட் சண்டை

அதிகமாகச் சண்டை வருவது மின்சார மீட்டரில்.

ஒரே இணைப்பை வைத்துக்கொண்டு மாடிக்கு சப்-மீட்டர் போடுகிறார்கள். இரண்டு குடும்பத்தின் செலவும் ஒரே கணக்கில் ஏறுகிறது. யூனிட் கூடக் கூட, ஒரு யூனிட்டின் விலையும் படிப்படியாக ஏறும். 2016-ம் ஆண்டில் வந்த 100 யூனிட் சலுகையும் இணைப்புக்கு ஒன்றுதான், குடும்பத்துக்கு ஒன்று அல்ல.

"நாங்க ஏ.சி.யே போடலியே சார், எங்களுக்கு எப்படி இவ்வளவு வரும்?" என்று மாடிவீட்டு அம்மா கேட்கிறார். பதில் சொல்ல முடியாமல் வீட்டுக்காரர் விழிக்கிறார்.

மாடிக்குத் தனி இணைப்பு வாங்கிவிட்டால் இந்தப் பேச்சுக்கே இடம் இல்லை. அவரவர் மீட்டர், அவரவர் பில். போர் மோட்டாருக்கு ஆகும் கரண்டை யார் கட்டுவது, எப்படிப் பிரிப்பது என்பதை மட்டும் முதல் நாளே பேசி எழுதிவிட வேண்டும்.

வெள்ளையடிப்பது யார்?

காலி செய்யும் நாளில் வரும் இன்னொரு தகராறு இது. "பெயிண்டுக்கு ஒரு மாச வாடகையைப் பிடிச்சுக்கறேன்" என்பார் வீட்டுக்காரர். இதுவும் ஊர் வழக்கம்தான்.

ஆனால் 2017-ம் ஆண்டுச் சட்டத்தின் அட்டவணை வேறு மாதிரி சொல்கிறது. சுவருக்கு வெள்ளையடிப்பது, கதவு ஜன்னலுக்கு வர்ணம் பூசுவது, குழாய் மாற்றுவது, மின்சார ஒயரிங், கட்டடப் பழுது எல்லாம் வீட்டுக்காரர் தலையில். குழாய்க்கு வாஷர் போடுவது, சாக்கடை அடைப்பு எடுப்பது, சுவிட்ச், தாழ்ப்பாள், ஜன்னல் கண்ணாடி இவையெல்லாம் குடித்தனக்காரர் பொறுப்பு.

வேறு மாதிரி ஏற்பாடு வேண்டுமானால் அதை ஒப்பந்தத்தில் எழுதியிருக்க வேண்டும். எழுதாமல் கடைசி நாளில் கையை நீட்டினால் தகராறுதான்.

மழைக்காலம் இந்தப் பக்கத்தில் பெரிய சோதனை. 2021 நவம்பர் மழையில் இங்குள்ள ஏரியை ஒட்டிய நகர்களில் வீடுகளைத் தண்ணீர் சூழ்ந்தது. மாடியில் ஓதம், கீழே வெள்ளம் என்றால் முதலில் குடித்தனக்காரர் கூப்பிடுவது வீட்டுக்காரரைத்தான். மாதா மாதம் வாடகையில் கொஞ்சம் ரிப்பேருக்கு என்று எடுத்துவைக்காதவர் வட்டிக்கு வாங்குகிறார்.

பன்னிரண்டு வருஷப் பயம்

"ஒருத்தரைப் பன்னிரண்டு வருஷம் விட்டு வெச்சா வீடு அவங்களுக்கே போயிடுமாமே?"

டீக்கடையில் யாரோ கிளப்பிவிட்ட பயம். இதற்குப் பயந்து, ஒழுங்காக வாடகை கொடுக்கும் குடும்பத்தையே காலி செய்யச் சொல்பவர்கள் உண்டு.

பன்னிரண்டு வருஷம் என்பது 1963-ம் ஆண்டுக் காலவரம்புச் சட்டத்தில் வருகிறது. உரிமையாளருக்கு எதிராக, இடம் தன்னுடையது என்று பகிரங்கமாக அனுபவித்து வருபவர் சம்பந்தப்பட்டது அது. வாடகை கொடுப்பவர், இது உங்கள் வீடு என்று ஒப்புக்கொண்டுதான் குடியிருக்கிறார். எத்தனை வருஷம் வாடகை கொடுத்துக் குடியிருந்தாலும், அதனால் மட்டும் வீடு அவருடையது ஆகிவிடாது.

அதற்குத் தேவை, அவர் வாடகைக்கு இருப்பவர் என்பதற்கு அத்தாட்சி. ஒப்பந்தம் வேண்டும், மாதா மாதம் ரசீது வேண்டும். ரசீது கொடுத்தால் வம்பு என்று நினைப்பவர்களுக்கு உண்மையில் காவல் அந்த ரசீதுதான்.

பதினொரு மாத ஒப்பந்தம் என்ற வழக்கம் 1908-ம் ஆண்டுப் பதிவுச் சட்டத்தால் வந்தது. ஒரு வருஷத்துக்கு மேற்பட்ட குத்தகையைப் பத்திரப்பதிவு செய்யவேண்டும் என்பதால் பதினொன்றோடு நிறுத்தினார்கள். புதுச் சட்டத்தில் அந்தச் சமாதானம் செல்லாது. எத்தனை மாதமானாலும் எழுத்தில் ஒப்பந்தம் போட்டு, வாடகை அதிகாரியிடம் பதிவு செய்யவேண்டும். துணை கலெக்டர் அந்தஸ்தில் உள்ள அதிகாரி அவர். இதற்காக அரசாங்க இணையதளமும் இருக்கிறது.

பூட்டுப் போடலாமா?

இரண்டு மாத வாடகை பாக்கி. போனை எடுப்பதில்லை. வீட்டுக்காரருக்கு ஆத்திரம் வருகிறது. மோட்டாரை நிறுத்து, பியூசைப் பிடுங்கு, பூட்டுப் போடு என்று ஆளாளுக்கு யோசனை சொல்கிறார்கள்.

இதில் எதைச் செய்தாலும் வழக்கு தலைகீழாகிவிடும். தண்ணீரையும் மின்சாரத்தையும் நிறுத்தக் கூடாது என்று சட்டம் தடுக்கிறது. நியாயம் கேட்க வேண்டியவர் பதில் சொல்ல வேண்டியவராகிவிடுவார்.

வழி இதுதான். இரண்டு மாத பாக்கி இருந்தால் முதலில் எழுத்தில் நோட்டீஸ். ஒரு மாதத்துக்குள் பாக்கியைத் தீர்க்காவிட்டால் வாடகை நீதிமன்றத்தில் மனு.

"என் வீடு, நான் எப்ப வேணும்னாலும் போவேன்" என்பதும் நடக்காது. உள்ளே போய்ப் பார்க்க வேண்டுமானால் 24 மணி நேரத்துக்கு முன்பே எழுத்தில் தெரிவிக்க வேண்டும். மாற்றுச் சாவி வைத்திருப்பது உரிமை ஆகாது.

போலீசும் வரியும்

2012 பிப்ரவரியில் வேளச்சேரி வாடகை வீடு ஒன்றில், பாங்கிக் கொள்ளையர்கள் என்று சந்தேகிக்கப்பட்ட 5 பேர் போலீசார் சுட்டதில் இறந்தார்கள். அதன் பிறகு குடித்தனக்காரர் விவரங்களைத் தரும்படி வீட்டுக்காரர்களைப் போலீசார் கேட்டார்கள். திருநின்றவூர் இப்போது ஆவடி போலீஸ் கமிஷனர் எல்லையில் இருக்கிறது. அடையாள அட்டை நகல், போட்டோ, வேலை பார்க்கும் இடம் இவற்றை வாங்கி வைப்பது சந்தேகம் அல்ல, முறை.

வாடகை வருமானத்துக்கு வரிக் கணக்கும் உண்டு. மேலே சொன்ன வீட்டில் வருஷ வாடகை ரூ.84 ஆயிரம். நகராட்சிக்குக் கட்டிய வீட்டு வரி ரூ.4 ஆயிரம் என்றால் மீதி 80 ஆயிரம். அதில் 30 சதவீதம், அதாவது 24 ஆயிரம், பராமரிப்புக்காகக் கழியும். மீதி ரூ.56 ஆயிரம்தான் வருமானத்தில் சேரும். கடன் வட்டி இருந்தால் அதற்கும் கழிவு கேட்க வழி உண்டு. ஜி-பேயில் வாடகை வந்துவிட்டு, கணக்கில் காட்டாமல் இருந்தால்தான் சிக்கல்.

போர்டு மாட்டும் முன்...

அட்வான்ஸ் எவ்வளவு, எப்போது திருப்பித் தருவது? கரண்ட் பில், மோட்டார் செலவு யாருக்கு? எந்த ரிப்பேர் யாருக்கு? வாடகை எந்தத் தேதியில், எத்தனை மாதத்துக்கு ஒரு முறை எவ்வளவு ஏற்றுவது? காலி செய்ய எத்தனை நாள் முன்னால் சொல்லவேண்டும்?

குடி வரும் நாளில் முகம் கோணாமல் பேசக்கூடிய கேள்விகள் இவை. காலி செய்யும் நாளில் இதே கேள்விகளைப் பேசினால் சத்தம் தெருவுக்குக் கேட்கும்.

மேலே இருப்பவரும் நாளைக்கு ஒரு மனை வாங்கி, கடன் போட்டு, மாடி கட்டப் போகிறவர்தான். அவருடைய சேமிப்பில் பாதி இன்று கீழ்வீட்டுக்காரர் கையில் இருக்கிறது!