இரவுக் காவலும் காமிராவும்

ஊருக்குத் தலையாரியும் தெருவுக்குக் கூர்க்காவும் இரவுக்காவல் புரிந்து வந்தது நம் நாட்டில் நெடுநாளைய வழக்கம். அவர்களுடைய பணியில் ஒரு பங்கை இன்று வீட்டுச் சுவரில் பொருத்தப்பெறும் சிறு காமிரா ஏற்றுக்கொண்டிருக்கிறது. நகரங்களில் மட்டுமன்றிச் சிற்றூர்களிலும் அதனைக் காண்கிறோம். ஆயினும் பகலில் பளிச்சென்று படம் காட்டும் அக்கருவி, காவல் மிகத் தேவைப்படும் நள்ளிரவில் பல வீடுகளில் ஒரு வெண்திட்டையோ கருநிழலையோதான் காட்டுகிறது. இதற்குக் காரணம் யாது, இதனைத் தவிர்க்கும் வழி யாது என்பன குறித்தே இன்று உங்களிடம் பேச எண்ணுகிறேன்.

தெளிவற்ற படம் பயனற்றது என்பதோடு நில்லாது, சில வேளை தீங்கும் செய்யும். நான் அறிந்த ஒரு தெருவில் மிதிவண்டி ஒன்று களவு போயிற்று. விடியுமுன் ஒல்லியான ஓர் உருவம் வாயிலருகே வந்ததைக் காமிரா பதிவு செய்திருந்தது. முகம் இருக்கவேண்டிய இடத்தில் வெண்மை மட்டுமே இருந்தது. அத்தெருவில் நாளிதழ் போடும் இளைஞனும் ஒல்லியானவன். அந்த நேரத்தில் வருபவன். அவன்மீது ஐயம் விழ அதுவே போதுமானதாயிற்று. சில நாள் கழித்து வண்டி வேறோரிடத்தில் அகப்பட்டு, அவனுக்கும் அதற்கும் தொடர்பில்லை என்பது விளங்கிற்று. ஆனால் அவன் அதற்குள் அந்தத் தெருவையே விட்டுவிட்டான். விடியற்கருக்கலில் நம் தெருக்களில் நடமாடுவோர் யார்? பால்காரர், நாளிதழ் போடுபவர், தூய்மைப் பணியாளர், கோலமிட எழும் பெண்டிர் ஆகியோரே. முகத்தைத் தெளிவாகக் காட்டும் படம் குற்றவாளியைப் பிடிக்க உதவுவது போலவே, குற்றமற்றவரைக் காப்பதற்கும் உதவுகிறது.

இருளில் காமிரா எவ்வாறு காண்கிறது? சிவப்பு நிறத்துக்கு அப்பால் கண்ணுக்குப் புலனாகாத கதிர்கள் உண்டென்பதை 1800-ஆம் ஆண்டில் வில்லியம் ஹெர்ஷல் என்னும் வானநூலறிஞர் கண்டறிந்தார். அவற்றையே அகச்சிவப்புக் கதிர்கள் என்கிறோம். நம் கண்ணுக்குத் தெரியாத இக்கதிர்களிற் சிலவற்றை, காமிராவினுள் இருக்கும் சிலிக்கன் உணரி அறியவல்லது. பகலில் ஒரு சிறு வடிகட்டி இக்கதிர்களைத் தடுத்து நிறங்களைச் சரியாகக் காட்டுகிறது. இருட்டியவுடன் ‘கிளிக்’ என்ற ஒலியோடு அவ்வடிகட்டி விலக, காமிராவைச் சூழ்ந்துள்ள நுண்விளக்குகள் அகச்சிவப்பு ஒளியை வீசுகின்றன. அப்போது கிடைப்பது கருமையும் வெண்மையுமான படம். அதில் கறுப்புச் சட்டை வெளிறித் தோன்றுவதும் உண்டு. பச்சை இலைகள் வெண்மையாகத் தெரியும். ஆகையால் இரவுப் படத்தைக் கொண்டு, வந்தவன் உடுத்திருந்தது இன்ன நிறம் என்று உறுதி கூறுவது தகாது.

இவ்விளக்குகளில் இருவகை உண்டு. 850 நானோமீட்டர் அலைநீளம் உடையவை இருளில் மங்கிய செம்புள்ளியாகத் தென்படும். ஆனால் தொலைவுக்கு எட்டும். 940 நானோமீட்டர் உடையவை சிறிதும் கண்ணுக்குப் புலனாகா. எனினும் உணரி அவ்வொளியைக் குறைவாகவே ஏற்பதால் எட்டும் தொலைவு சுருங்கும். வீட்டுக் காவலுக்கு முன்னதே பெரும்பாலும் ஏற்றது. ஒளி தொலைவைப் பொறுத்து விரைவாக மெலியும் இயல்புடையது. 3 மீட்டரில் நிற்பவன்மேல் விழும் ஒளியில் ஒன்பதில் ஒரு பங்கே 9 மீட்டரில் நிற்பவன்மேல் விழும். பெட்டியின்மேல் 30 மீட்டர் என்று அச்சிட்டிருப்பது, அத்தொலைவில் ஏதோ அசைகிறது என்று அறியலாம் என்ற அளவிலேயே கொள்ளத்தக்கது. முகம் தெரியும் என்று அதற்குப் பொருளன்று.

வாங்கும்போது பலரும் படப்புள்ளிகளின் எண்ணிக்கையையே கேட்கின்றனர். ஒரே அளவுள்ள உணரியில் புள்ளிகள் பெருகப் பெருக, ஒவ்வொரு புள்ளிக்கும் கிடைக்கும் ஒளி குறைகிறது. ஆகவே உணரியின் அளவை முதலில் கேளுங்கள். 1/1.8 அங்குலம் என்று குறிக்கப்படும் உணரியின் பரப்பு, 1/2.8 அங்குலம் எனப்படுவதைப்போல் ஏறத்தாழ இருமடங்காகும். அடுத்து லென்சின் திறப்பைப் பாருங்கள். எஃப் 1.4 எனக் குறித்த லென்ஸ், எஃப் 2 எனக் குறித்ததைப்போல் இருமடங்கு ஒளியை உள்ளே விடும். எண் சிறிதாயின் திறப்புப் பெரிது.

முழுநிலவின் ஒளி சுமார் கால் லக்ஸ். அதனினும் பன்மடங்கு குறைந்த ஒளியிலும் படம் எடுப்போம் என்று சில விளம்பரங்கள் கூறுகின்றன. எவ்வளவு நேரம் ஒளியை உள்ளே விட்டு எடுத்த படம் அது என்று நாம் கேட்கவேண்டும். இயல்பாக நடப்பவர் ஒரு வினாடியில் சுமார் 1.4 மீட்டர் கடக்கிறார். காமிரா ஒரு படத்துக்கு 1/25 வினாடி எடுத்துக்கொண்டால், குறுக்கே நடப்பவர் அதற்குள் ஐந்தரை சென்டிமீட்டர் நகர்ந்துவிடுவார், முகம் கலங்கிப்போகும். 1/100 வினாடியாயின் நகர்வு ஒன்றரை சென்டிமீட்டருக்குள் அடங்கும். அசையாத பூந்தொட்டியை அழகாகக் காட்டும் காமிரா, நடப்பவன் முகத்தைக் காட்டத் தவறுவது இதனாலேயே. ஆகவே கடையில் படம் காட்டச் சொல்லும்போது, விளக்கைக் குறைத்து ஒருவரைக் குறுக்கே நடக்கச் சொல்லிப் பார்ப்பது நன்று.

இனி, எவ்வளவு இடத்தை ஒரு காமிராவிடம் ஒப்படைப்பது? அறிமுகமில்லாதவரை இன்னார் என்று அடையாளங் காண, ஒரு மீட்டர் அகலத்துக்கு 250 படப்புள்ளிகள் வேண்டுமென்று 2014-இல் வெளிவந்த சர்வதேச மின்தொழில்நுட்ப ஆணையத்தின் தரநெறி வகுத்தது. அகலத்தில் 1920 புள்ளிகள் உள்ள காமிரா ஏழரை மீட்டருக்குச் சற்று மிகுந்த அகலத்தையே அத்தெளிவுடன் காட்டும். அதன் பார்வை 90 பாகை விரிந்ததாயின், 4 மீட்டர் தொலைவுக்குள்ளேயே அத்தெளிவு தீர்ந்துவிடும். 30 பாகையாயின் 14 மீட்டர் வரை நீடிக்கும். தெரு முழுவதையும் ஒரே காமிராவில் அடக்க விரும்புவோர் எவர் முகத்தையும் காணமாட்டார். வருபவர் கட்டாயம் கடக்கவேண்டிய வாயிற்கதவை ஒரு குறுகிய பார்வைக் காமிராவும், முற்றத்தை ஓர் அகன்ற பார்வைக் காமிராவும் காப்பது தக்க ஏற்பாடாகும்.

பொருத்தும் இடத்திலும் கருத்து வேண்டும். கைக்கு எட்டலாகாதென்று மாடி விளிம்பில் வைப்பார்கள். 5 மீட்டர் உயரத்திலிருந்து 4 மீட்டர் தள்ளி நிற்பவனைப் பார்த்தால், காமிரா ஏறத்தாழ 40 பாகை கீழ்நோக்கும். உச்சந்தலையும் தோளுமே தெரியும். இரண்டரை மீட்டருக்குச் சற்று மேலே வைத்தால் அச்சாய்வு 15 பாகை அளவே, முகம் தெரியும், கையும் எளிதில் எட்டாது. வெள்ளையடித்த சுவரோ, இறவாரமோ, தொங்கும் கொடியோ காமிராவின் பார்வையோரத்தில் இருந்தால், அதன் விளக்கொளி அவற்றில் பட்டுத் திரும்பும். வெளிச்சம் மிகுந்துவிட்டதென்று கருவி தன் ஒளியேற்பைக் குறைத்துக்கொள்ள, வாயில் இருண்டுவிடும். சன்னற்கண்ணாடிக்கு உட்புறம் வைப்பதும் இக்குறையையே தரும். குமிழ்மூடி உடைய காமிராக்களில் மழைத்துளியும் புழுதியும் ஒளியைச் சிதறடிக்கும். மழைக்காலத்தில் ஈசலும், அவற்றைத் தேடிப் பல்லியும் சிலந்தியும் வரும். லென்சின் முன் பின்னிய ஒற்றை வலையிழைகூட இரவில் வெண்திரையாகிவிடும். வாரம் ஒருமுறை மென்துணியால் துடைப்பது விளக்குத் துடைப்பது போன்ற கடமையே.

காமிராவுக்குத் துணையாக வாயிலருகே ஒரு சிறிய எல்.இ.டி. விளக்கு எரிந்தால் நிறப்படமே கிட்டும், செலவும் சொற்பமே. அவ்விளக்கு காமிராவுக்குப் பின்புறமோ பக்கவாட்டிலோ அமையவேண்டும். எதிரே எரியும் தெருவிளக்கும், வரும் வண்டிகளின் முகவிளக்கும் அதன் கண்ணைக் கூசச் செய்யும்.

தனியுரிமை அடிப்படை உரிமையென்று நம் உச்சநீதிமன்றம் 2017-இல் தீர்ப்பளித்தது. நம் காவலின் பெயரால் அண்டை வீட்டுச் சன்னலை நோக்குவது முறையன்று. பார்வையின் அப்பகுதியை மறைத்துவிடும் வசதி பல கருவிகளில் உண்டு, அதனைப் பயன்படுத்துங்கள். கருவியின் கடிகாரம் சரியாக ஓடுகிறதா என்றும் பாருங்கள். நேரம் பிழையான பதிவு, ஒருவர் வந்த வேளையைத் திரித்துக் கூறும்.

இவையெல்லாம் செய்து முடித்தபின் ஒரு சோதனை உண்டு. அமாவாசை இரவில், வீட்டார் ஒருவரைத் தெருவிலிருந்து வாயில் திறந்து இயல்பாக நடந்து வரச் சொல்லுங்கள். மறுநாள் அப்பதிவை, அவரை அறியாத ஒருவரிடம் காட்டி, பிறகு அவரை நேரிற் காட்டுங்கள். “இவரே அவர்” என்று தயங்காது சொல்வாராயின், உங்கள் காமிரா காவலுக்குத் தகுதி பெற்றுவிட்டது. தயங்குவாராயின், அதன் படத்தை நம்பி எவர்மீதும் பழி கூறாதீர்கள். காமிராவைச் சற்றே இடம் மாற்றி மீண்டும் பாருங்கள்.