நல்ல இத்தாலிய உணவகத்தைத் தேர்ந்தெடுப்பது எப்படி? மெனு முதல் ரசீது வரை கவனிக்க வேண்டியவை

புதுதில்லி: தில்லி செங்கோட்டையில் 2025 டிசம்பரில் கூடிய யுனெஸ்கோ குழு, தீபாவளிப் பண்டிகையைப் புலப்படாத கலாசாரப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. அதே கூட்டத்தில் இத்தாலிய சமையலும் அப்பட்டியலில் இடம்பெற்றது.

அந்தச் சமையலை வழங்குவதாகக் கூறும் உணவகங்கள் தில்லியின் கான் மார்க்கெட், மும்பையின் பாந்த்ரா, பெங்களூருவின் இந்திராநகர் போன்ற பகுதிகளில் அருகருகே இயங்குகின்றன. அவற்றுள் நல்லதைத் தேர்ந்தெடுக்க மெனு, தட்டு, ரசீது ஆகிய மூன்றையும் கவனித்தால் போதுமானது.

மெனு சொல்லும் செய்தி

பீட்சாவுடன் நூடுல்ஸ், பிரியாணி என நூற்றுக்கும் மேற்பட்ட உணவுகளைப் பட்டியலிடும் உணவகத்தில், ஒவ்வொன்றையும் அன்றன்று புதிதாகச் சமைப்பது கடினம். பருவத்துக்கேற்ப மாறும் சிறிய மெனு நல்ல அறிகுறி.

பாஸ்தா வகைகள் அனைத்தும் ‘ரெட்’, ‘ஒயிட்’, ‘பிங்க்’ என்று மட்டும் பிரிக்கப்பட்டிருந்தால், சமையலறையில் இரண்டு சாஸ்களே உள்ளன என்று கொள்ளலாம். மூன்றாவது அவ்விரண்டின் கலவை. இந்திய நாவுக்குப் பழகிய அச்சுவையை விரும்புவதில் தவறில்லை. ஆனால், அதற்கு அதிக விலை கொடுக்க வேண்டுமா என்பதை வாடிக்கையாளர் முடிவு செய்ய வேண்டும்.

சைவ உணவு உண்போர் கவனத்துக்கு

இத்தாலியின் புகழ்பெற்ற பார்மிஜானோ ரெஜ்ஜானோ பாலாடைக்கட்டி, கன்றின் இரைப்பையிலிருந்து பெறப்படும் ரென்னட் எனும் நொதியைக் கொண்டு பாலைத் திரித்துத் தயாரிக்கப்படுகிறது. எனவே, இறைச்சி சேராத உணவிலும் அது இருந்தால் அந்த உணவு சைவமாகாது. நுண்ணுயிரிகளிலிருந்து பெறப்படும் ரென்னட்டைக் கொண்டு தயாராகும் பாலாடைக்கட்டிகளும் இந்தியாவில் கிடைக்கின்றன. எது பயன்படுத்தப்படுகிறது என்று கேட்டால் உடனே விடை தரும் உணவகம் நம்பிக்கைக்குரியது.

இதேபோல, டிராமிசு இனிப்பில் பெரும்பாலும் முட்டையும், சில இடங்களில் மதுவும் சேர்க்கப்படுகின்றன. துளசி இனத்தைச் சேர்ந்த பேசில் இலையில் அரைக்கப்படும் பெஸ்டோவில் பைன் கொட்டைகளுக்குப் பதிலாக முந்திரி சேர்க்கும் வழக்கம் உண்டு. கொட்டை வகைகள் ஒவ்வாதவர்கள் முன்கூட்டியே விசாரிப்பது அவசியம்.

தட்டில் தெரியும் தரம்

நல்ல பாஸ்தா குழைந்திருக்காது. கடிக்கும்போது நடுவில் சிறிது உறுதி பல்லுக்குத் தட்டுப்படும். இதை இத்தாலியர்கள் ‘அல் தெந்தே’ என்பர். இது வேகாத உணவு என்று கருதித் திருப்பி அனுப்பத் தேவையில்லை. ரோம் நகரின் கார்போனாரா பாஸ்தாவில் முட்டையும் பாலாடைக்கட்டியுமே குழம்பாகின்றன. மரபான முறையில் கிரீம் சேர்ப்பதில்லை.

அரிசியில் செய்யப்படும் ரிசோட்டோவுக்குச் சுமார் 20 நிமிடங்கள் தேவை. கேட்ட ஐந்து நிமிடங்களில் அது மேசைக்கு வந்தால், முன்பே வேகவைத்து வைக்கப்பட்டது என்று பொருள். நேப்பிள்ஸ் பாணி பீட்சா மிக அதிக வெப்பத்தில் 60 முதல் 90 விநாடிகளில் வெந்துவிடும். அதன் நடுப்பகுதி மென்மையாக இருப்பதும், ஓரத்தில் கருந்திட்டுகள் தோன்றுவதும் இயல்பே. மொறுமொறுப்பை விரும்புவோர் ரோம் பாணியைக் கேட்கலாம்.

ரசீதில் பார்க்க வேண்டியவை

உணவகங்கள் சேவைக் கட்டணத்தைத் தாமாகவே ரசீதில் சேர்க்கக் கூடாது என மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலையில் வழிகாட்டு நெறிமுறைகளை வெளியிட்டது. தில்லி உயர் நீதிமன்றம் 2025 மார்ச்சில் அவற்றை உறுதி செய்தது. அக்கட்டணம் சேர்க்கப்பட்டிருந்தால் நீக்குமாறு கோரலாம். மறுத்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் அளிக்கலாம்.

ஜிஎஸ்டி என்பது வேறு. அது சட்டப்படியான வரி. தனித்து இயங்கும் உணவகங்களில் பொதுவாக 5 சதவீதமும், அறை வாடகை நாளொன்றுக்கு ரூ.7,500-ஐத் தாண்டும் விடுதிகளில் உள்ள உணவகங்களில் 18 சதவீதமும் விதிக்கப்படுகிறது. உணவுப் பாதுகாப்பு உரிமத்தின் 14 இலக்க எண் ரசீதில் உள்ளதா என்பதையும் பார்க்க வேண்டும்.

முதல்முறை செல்வோர் விலை உயர்ந்த உணவைத் தவிர்த்து, தக்காளியும் பேசிலும் மட்டும் சேர்த்த ஸ்பகெட்டியையோ மார்கரிட்டா பீட்சாவையோ கேட்பது நலம். சேர்க்கப்படும் பொருள்கள் குறைவு என்பதால், அவற்றின் தரத்தையும் சமையல்காரரின் கைப்பக்குவத்தையும் மறைக்க அதில் வேறெதுவும் இல்லை. அது நன்றாக அமைந்தால், அடுத்த முறை மெனுவின் மற்றப் பக்கங்களைத் தயக்கமின்றிப் புரட்டலாம்.